9 வோல்ட்டா, 12 வோல்ட்டா? நம்ம ஊருக்கேற்ற 5 வோல்ட் பவர் சப்ளை

சென்சார், ஆர்டுயினோ போர்டு எல்லாம் கேட்பது அலுங்காத 5 வோல்ட் டிசி. பிளக்கில் வருவதோ 230 வோல்ட் ஏசி. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு பெரிய கெப்பாசிட்டர், வோல்டேஜை 5-லேயே நிறுத்தி வைக்கும் ஒரு 7805 ரெகுலேட்டர் ஐசி இருந்தால் போதும். அரை ஆம்பியர் தருகிற மாதிரி செய்வோம்.

டிரான்ஸ்ஃபார்மர் 9 வோல்ட், 1 ஆம்பியர். பிரைமரியில், அதாவது 230 வோல்ட் பக்கத்தில், ஃபியூஸ் கட்டாயம். அங்குள்ள ஒயர் இணைப்புகளை ஸ்லீவ் போட்டு மூடுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

அடுத்து டயோடு. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு தண்ணீரை மேலே விடும், திரும்ப இறங்க விடாது. டயோடும் கரண்ட்டை அப்படித்தான் ஒரே பக்கமாக விடும். 4007 டயோடு நாலு எடுங்கள். இரண்டின் வெள்ளிக்கோடு முனைகளைச் சேர்த்தால் பிளஸ். மற்ற இரண்டின் கோடில்லாத முனைகளைச் சேர்த்தால் மைனஸ். மிச்ச முனைகளை ஜோடி ஜோடியாக, கோடுள்ளதோடு கோடில்லாததைச் சேர்த்து, அந்த இரண்டு இடத்திலும் டிரான்ஸ்ஃபார்மர் ஒயர்களைக் கொடுங்கள்.

இப்போது கணக்கு, இதைத் தாண்டிப் போகாதீர்கள். 9 வோல்ட் ஏசியின் உச்சம் 12.7 வோல்ட். எந்நேரமும் இரண்டு டயோடு வழியாகக் கரண்ட் போவதால் 1.4 வோல்ட் கழியும், மீதி 11.3. இது நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அந்தப் பள்ளத்தை நிரப்புவது கெப்பாசிட்டர். அரை ஆம்பியர் இழுக்கும்போது 1000 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 5 வோல்ட் வரை சரிந்து 6.3-க்கு வந்துவிடும். 7805-க்கோ உள்ளே 7 வோல்ட்டாவது வேண்டும். ஆகவே பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் போடுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும்.

7805-இன் எழுத்து உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கட்டும்: இடது இன்புட், நடு கிரவுண்ட், வலது அவுட்புட். அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. இந்த ஐசி தன் அவுட்புட்டை உள்ளிருக்கும் நிலையான வோல்டேஜோடு ஓயாமல் ஒப்பிட்டு, மிஞ்சியதைச் சூடாகவே தள்ளும். இன்புட் சராசரி 10 வோல்ட் என்றால் 5 வோல்ட் மிச்சம், அரை ஆம்பியருக்கு 2.5 வாட். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் பாளையங்கோட்டையில், ஹீட் சிங்க் (சூட்டை வெளியே விடும் உலோகத் தகடு) இல்லாமல் இது நிற்காது.

அதனால் டவுனில் 9 வோல்ட்டே சரி. ஆனால் வயலில் மோட்டார்கள் ஓடி, வீட்டில் 230 வோல்ட் 180-க்கு இறங்கும் கிராமம் என்றால், 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 7-தான் தரும். சரிவு போக 7805-க்குப் பற்றாது. அங்கே 12 வோல்ட் வாங்குங்கள். வோல்டேஜ் முழுதாக வரும் நேரத்தில் சூடு கிட்டத்தட்ட இரு மடங்காகும். ஹீட் சிங்க்கும் பெரிதாக வேண்டும்.

கடைசியில் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அவுட்புட்டில் மாட்டி, மத்தியான வெயில் நேரத்தில் கால் மணி நேரம் ஓட விட்டு மல்டிமீட்டரைப் பாருங்கள். மாட்டியதுமே 5 வோல்ட்டுக்குக் கீழே போனால் இன்புட் போதவில்லை. கொஞ்ச நேரம் நின்று பிறகு குறைந்தால் ஐசி சூட்டில் தன்னை அடைத்துக்கொள்கிறது, ஹீட் சிங்க்கை மாற்றுங்கள்.