போக்கர் டோர்னமென்ட் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

டெக்சாஸ் ஹோல்டம் விதிகள் தெரியும், எந்தச் சீட்டுக் கூட்டு எதை வெல்லும் என்பதும் தெரியும், ஆனால் டோர்னமென்டில் பாதியிலேயே எழுந்து வர வேண்டியிருக்கிறதா? டான் ஹாரிங்டனும் பில் ராபர்ட்டியும் எழுதிய 'ஹாரிங்டன் ஆன் ஹோல்டம்' வரிசையில் தொடங்குங்கள். ஹாரிங்டன் 1995 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். 2,576 பேர் ஆடிய 2004 போட்டியிலும் இறுதி மேசை வரை போனவர்.

படி 1: முதல் பாகத்தைக் கதைப் புத்தகம் போலப் படிக்காதீர்கள். பயிற்சிக் கணக்குகள் வரும்போது பதிலை மூடிவிட்டு, அதே சீட்டுகளை மேசையில் பரப்புங்கள். முடிவையும் காரணத்தையும் எழுதிய பிறகே பதிலைப் பாருங்கள். முடிவு சரியாக இருந்து காரணம் வேறாக இருந்தால், அது தப்புதான்.

படி 2: இரண்டாம் பாகத்தில் 'எம்' என்ற கணக்கு வரும். பேக்கேமன் என்ற பகடைப் பலகை ஆட்டத்தின் ஆட்டக்காரர் பால் மேக்ரியலின் பெயரால் வந்தது. மொத்தப் புத்தகத்திலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஒரு சுற்று முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு சிப் (பந்தய வில்லை) கரையுமோ, அதால் கையிருப்பை வகுக்க வேண்டும்.

எட்டுப் பேர் மேசை, பிளைண்ட் (சுற்றில் இருவர் முறைவைத்துக் கட்டும் கட்டாயப் பந்தயம்) 100/200, ஆளுக்கு ஆன்டி (ஒவ்வொரு ஆட்டத்திலும் எல்லோரும் கட்டும் சிறு தொகை) 25 என்று வைப்போம். ஒரு சுற்றுக்கு 500 போகும். கையில் 6,000 இருந்தால் எம் 12. அப்புறம் பிளைண்ட் 200/400, ஆன்டி 50 என்று ஏறுகிறது. நீங்கள் ஒரு சிப்கூடத் தோற்கவில்லை, ஆனாலும் எம் 6 ஆகிவிட்டது!

எம் 20க்கு மேல் இருந்தால் எந்த ஆட்டமும் ஆடலாம். 10க்கும் 20க்கும் இடையில் சிறு ஜோடிகளின் மதிப்பு குறைகிறது. ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஜோடிக்கு அதே எண்ணின் மூன்றாவது சீட்டு வர ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்புதான். அப்படி வந்தாலும், தவறிய முறைகளை ஈடுகட்டும் அளவுக்கு ஜெயிக்கக் கையில் சிப் இருக்காது. 6 முதல் 10 வரை, மற்றவர் ரெய்ஸுக்கு (பந்தயத்தை உயர்த்துவதற்கு) பின்னால் போகாமல் நீங்களே முதலில் ரெய்ஸ் செய்யுங்கள். 5க்கு வந்துவிட்டால் ஆல்-இன் (இருக்கும் சிப் எல்லாவற்றையும் வைப்பது) அல்லது ஃபோல்ட் (சீட்டை விட்டுவிடுவது), வேறு வழியில்லை.

படி 3: வீட்டில் நண்பர்களோடு, பணம் வைக்காமல், பிளைண்ட் ஏறும்போதெல்லாம் எம்மை மனதில் கணக்கிட்டு ஆடுங்கள். புத்தகம் இருபது ஆண்டுப் பழசு என்பதையும் மறக்க வேண்டாம். இன்று பல போட்டிகளில் மேசை முழுவதற்குமான ஆன்டியை பிக் பிளைண்டில் (இரண்டு பிளைண்டில் பெரியதைக் கட்டும் இடத்தில்) இருப்பவரே கட்டுகிறார். கணக்கு மாறாது, அந்தத் தொகையை ஒரு முறை மட்டும் கூட்டிக்கொண்டால் சரி.