யுஎஸ்பி சீரியல் மாட்யூல்: மின்னழுத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெடிலம் ஆற்றின் நீர்மட்டத்தை அளப்பதற்காகக் கடலூர் மாணவர்கள் சிலர் செய்த கருவி ஒன்று, வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 சில்லின் ஆர்எக்ஸ் கால் (தரவைப் பெறும் கால்) செயலிழந்த நிலையில் என் மேசைக்கு வந்தது. சில்லைக் கணினியின் யுஎஸ்பி போர்ட்டோடு இணைக்க அவர்கள் பயன்படுத்திய சீரியல் மாட்யூலில், 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சிறு செருகி இருந்தது. "ஜம்பரை 3.3-இல்தான் வைத்திருந்தோம் சார்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். மாட்யூலை மட்டும் கணினியில் செருகி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைத் தரவை அனுப்பும் டிஎக்ஸ் காலிலும் வைத்தேன்; 4.9 வோல்ட் காட்டியது. அந்தப் பலகையில் ஜம்பர் மாற்றியது, மின்சாரம் வழங்கும் விசிசி காலில் வெளிவரும் மின்னழுத்தத்தை மட்டுமே. சிக்னல் அளவை அது தொடவே இல்லை. இஎஸ்பி32-இன் கால்களோ 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை.

மின்வழங்கல் அளவும் லாஜிக் அளவும் (சிக்னலின் மின்னழுத்தம்) ஒன்றே என்று எண்ணுவதுதான் இந்தத் துறையில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. இதன் மறுபக்கமும் உண்டு: எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிடிஎல்-232ஆர்-3வி3 என்ற யுஎஸ்பி சீரியல் கேபிளில் சிக்னல்கள் 3.3 வோல்ட்டில் இருந்தாலும் சிவப்பு ஒயரில் வருவது 5 வோல்ட். பெயரைப் பார்த்து அதை 3.3 வோல்ட் சில்லுக்கு நேராகக் கொடுத்தால் சில்லு போய்விடும். தரவு எதுவும் போகாத வேளையில் டிஎக்ஸ் கால் உயர் நிலையிலேயே நிற்பதால், அதன் லாஜிக் அளவை அறியச் சாதாரண மல்டிமீட்டரே போதும். இணைப்பதற்கு முன் அரை நிமிடம் செலவிட்டு இதை அளந்துவிடுங்கள்.

அடுத்தது மின்னோட்டம். இத்தகைய மாட்யூல்கள் பலவற்றில் இருக்கும் எஃப்டி232ஆர் சில்லின் 3.3 வோல்ட் வெளியீடு தரக்கூடியது 50 மில்லி ஆம்பியர்தான். இஎஸ்பி32-க்கோ 500 மில்லி ஆம்பியராவது தரவல்ல மின்வழங்கல் வேண்டும். ஆகவே, வைஃபை இயங்கத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து பலகை மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகிறது. மாணவர்கள் நிரலில் பிழை தேடி நாள்களை வீணாக்குகிறார்கள். யுஎஸ்பி 2.0 போர்ட்டும், கணினி அனுமதித்த பிறகே 500 மில்லி ஆம்பியர் வரை தரும்; அதுவரை 100தான் வரம்பு. நம் ஊர் உப்புக்காற்றில் கனெக்டர் கால்கள் பச்சை பூத்திருந்தால், அந்த இணைப்பிலேயே மின்னழுத்தம் இன்னும் குறையும்.

பலகைக்குத் தனி அடாப்டர் இருக்கும்போது மாட்யூலின் விசிசி ஒயரையும் சேர்த்து இணைக்காதீர்கள். இரண்டு மின்வழங்கல்கள் ஒன்றோடொன்று மோதும். கிரவுண்டை மட்டும் கட்டாயம் இணைக்க வேண்டும். அடாப்டரை அணைத்த பிறகும் மாட்யூல் செருகியே இருந்தால், டிஎக்ஸ் ஒயர் வழியாகவே மின்சாரம் நுழைந்து சில்லை அரைகுறையாக உயிர்ப்பிக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. பழைய ஆர்எஸ்-232 போர்ட்டில் வருவது பிளஸ், மைனஸ் 15 வோல்ட் வரையிலான சிக்னல் என்பதால், சிக்னல் அளவை மாற்றித் தரும் மேக்ஸ்232 போன்ற சில்லு இல்லாமல் அதை இந்த மாட்யூல்களோடு சேர்க்கவே கூடாது.

மாணவர்களின் கருவியில் புதிய இஎஸ்பி32-ஐப் பொருத்தி, மாட்யூலின் டிஎக்ஸுக்கும் சில்லின் ஆர்எக்ஸுக்கும் இடையில் 1 கிலோ ஓம், ஆர்எக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, சிக்னலின் மின்னழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தோம். இம்முறை மல்டிமீட்டரைப் பிடித்தவர் அவர்களில் ஒருவர். ஆர்எக்ஸ் காலில் 3.27 வோல்ட் நின்றது.