காதை அடைத்துப் பார்க்கும் பட்டறையைப் பிழையில்லாமல் நடத்துவது எப்படி

செப்டெம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் தினம் நெருங்கும்போது பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஒரு யோசனை எழும்: "பிள்ளையளின்ரை காதை அரை மணித்தியாலம் அடைச்சு விடுவம், காது கேளாத ஆக்களின்ரை கஷ்டம் விளங்கும்." நோக்கம் நல்லது. ஆனால் அப்படிச் செய்யும்போது பிள்ளைக்குக் கிடைப்பது, திடீரெனக் கேட்கும் திறனை இழந்த ஒருவரின் முதல் அரை மணித்தியாலம். சைகை தெரியாது, உதட்டைக் கவனித்துப் பழக்கமில்லை, பதற்றம் மட்டும் மிச்சம். பிறவியிலிருந்தே கேளாதவரின் மூளையில், ஒலிக்கான பகுதியே பார்வை வேலைகளில் பங்கெடுக்கும் அளவுக்கு மாறியிருக்கும். அந்த வாழ்க்கையை அடைப்பான் ஒன்றால் இரவல் வாங்க முடியாது.

இதில் தீங்கும் உண்டு. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், கட்டிப் பார்க்காதவர்களை விட, பார்வையற்றோரின் திறமையைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். தாங்கள் தடுமாறியதை வைத்து மற்றவரை அளந்துவிட்டார்கள். காதை அடைக்கும் பயிற்சியிலும் "ஐயோ பாவம்" என்ற சொல் இப்படித்தான் பிறக்கிறது. ஆகவே தடை காதில் இல்லை, நாம் கதைக்கும் விதத்தில் இருக்கிறது என்பது வெளியே தெரியும்படி பட்டறையை அமைக்க வேண்டும்.

ஆட்களும் ஆயத்தமும்

12 பேர், 2 மணித்தியாலம், நல்ல வெளிச்சமுள்ள ஒரு மண்டபம் போதும். வழிநடத்துபவர் காது கேளாத ஒரு பெரியவராக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். யாழ்ப்பாணத்தில் காது கேளாத பிள்ளைகளும் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்து வெளியேறியவர்களை விசாரித்துப் பாருங்கள். போக்குவரத்துச் செலவோடு கொடுப்பனவும் கொடுங்கள். அவர் காட்சிப்பொருளாக வரவில்லை, ஆசிரியராக வருகிறார். சைகைமொழி உரைபெயர்ப்பாளரைத் தனியாக ஒழுங்கு செய்யுங்கள். வழிநடத்துபவரின் பிள்ளையையோ சகோதரியையோ அந்த இடத்தில் நிறுத்தினால், குடும்பத்தவர் முன்னால் சொல்ல விரும்பாததை அவர் சொல்லாமலே விட்டுவிடுவார்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, ஏன் இதை அனுபவிக்க விரும்புகிறார்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று விதமான பதில் வரும். தனக்கும் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம் ஒன்று. வீட்டில் கேட்காத ஒருவரை விளங்கிக்கொள்ளும் ஆசை இன்னொன்று. மூன்றாவது, "கொஞ்ச நேரம் அமைதியா இருக்கலாம்" என்ற ஏக்கம். இந்த மூன்றாமவருக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: 1953இல் ஹெல்லர், பேர்க்மன் என்ற இருவர், நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் இருத்தினார்கள். அவர்களில் 94 வீதமானோர் இரைச்சல், ரீங்காரம் என்று ஏதோ ஒரு சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார்கள். காது கேளாத பலருக்கும் காதிரைச்சல் உண்டு. கேளாமை என்றால் அமைதி என்பது கேட்பவர்களின் கற்பனை.

அடைப்பான்

மருந்துக்கடைகளில் கிடைக்கும் மென்மையான ஃபோம் அடைப்பான், ஆளுக்குப் புதிதாக ஒரு சோடி. பஞ்சு வேண்டாம், அது சில டெசிபல்தான் குறைக்கும், நாரும் காதுக்குள் தங்கிவிடும். காதில் சீழ் வடிபவர், செவிப்பறையில் துளை உள்ளவர், அண்மையில் காது நோ வந்தவர் போடக் கூடாது.

கையைக் கழுவி, அடைப்பானை மெல்லிய திரிபோல உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்கு மேலாலே கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே விட்டு, விரலால் 30 விநாடி பிடியுங்கள். சொந்தக் குரல் குடத்துக்குள் கதைப்பதுபோல முழங்கினால் சரியாகப் பொருந்திவிட்டது. முழங்காவிட்டால் அது வாசலில்தான் நிற்கிறது. எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை நோகும்.

நன்றாகப் போட்டாலும் 20 முதல் 30 டெசிபல்தான் குறையும். சாதாரணப் பேச்சு ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல். ஆகவே இது இலேசான கேட்டல் குறைபாடு மட்டுமே. உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பில் 65 டெசிபல் இழப்பிலிருந்துதான் கடுமையானது தொடங்குகிறது. மேலே காதுமூடியும் போட்டால் இன்னும் 5 முதல் 10 வரை குறையும். அதற்கு மேல் மண்டையோட்டு எலும்பே ஒலியைக் கடத்திவிடும். இதைப் பங்குபற்றுபவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

15 நிமிடம் போதும், மண்டபத்துக்குள் மட்டும். "சந்தைக்குப் போய்ப் பாத்தால் இன்னும் நல்லா விளங்கும்" என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். புகையிரதக் கடவையும் பலாலி வீதியும் பழக்கமில்லாதவர் அடைத்த காதோடு போகிற இடங்கள் இல்லை.

மூன்று பயிற்சிகள்

முதலாவதற்கு அடைப்பான் தேவையில்லை. "செல்வி சந்தையிலை சீனியும் பச்சைமிளகாயும் வாங்கினவள்" என்று கைபேசியில் பதிந்து, ஓடாசிற்றி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், உயர்ந்த சுருதி ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரை 1000 ஹேர்ட்ஸ், 48 டெசிபல் சரிவில் வையுங்கள். சகரம் மறைந்துவிடும், "சீனி" கிட்டத்தட்ட "ஊனு" ஆகிவிடும். கேட்பவர்கள் உடனே "சத்தத்தைக் கூட்டுங்கோ" என்பார்கள். கூட்டுங்கள். இரைச்சல்தான் கூடும், சகரம் திரும்பி வராது. அம்மம்மாவுக்குக் கத்திச் சொல்லியும் ஏன் விளங்குவதில்லை என்பது இந்த இடத்தில் பிடிபடும். பட்டறையில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இரண்டாவது உதட்டு வாசிப்பு. அடைப்பானைப் போட்டுக்கொண்டு ஒரு மீற்றர் இடைவெளியில் சோடியாக இருங்கள். ஒருவர் குரல் எழுப்பாமல் படம், பணம், மடம், மணம் ஆகிய நான்கில் ஒன்றைச் சொல்ல, மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். ட, ண இரண்டும் நாக்கை மடித்து உள்ளே பிறப்பவை, வெளியே தெரியாது. நான்கும் ஒரே வாயசைவு என்பதால் சரியான விடை வருவது குருட்டு வாய்ப்பில்தான். பிறகு "வங்கியில் எடுத்தது" என்று எழுதிக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். உதட்டு வாசிப்பில் பெரும்பங்கு சந்தர்ப்பத்தை வைத்து ஊகிப்பது. அதனால்தான் அது களைப்பூட்டுகிறது. சொல்பவருக்குப் பின்னால் யன்னல் இருந்தால் முகம் இருட்டாகி, இதுவும் கெட்டுவிடும்.

மூன்றாவது வழிநடத்துநரின் நேரம், 30 நிமிடம். அடைப்பானைக் கழற்றிவிட்டு, எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் சைகையில் தேநீர்க்கடை நடத்துவார். சீனி இல்லாத பிளேன்ரீ கேட்கக்கூட நன்றாகக் கேட்கும் காது உதவாது. அங்கே குறையுள்ளவர் யார் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவருக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் வந்து அவரோடு சைகையில் சிரித்துக் கதைத்தால் இன்னும் நல்லது. என்ன பகிடி என்று கேட்பவர்களுக்கு "ஒண்டுமில்லை, பிறகு சொல்லுறன்" என்று அவர்கள் ஒரு துண்டில் எழுதிக் காட்டட்டும். எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் காது கேளாத பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் அதுதான்.

பேசித் தீர்ப்பது

மிஞ்சிய நேரம் முழுவதும் இதற்கு. "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள்; "பாவம்" என்ற பதில்தான் வரும். "எந்த இடத்தில் மாட்டுப்பட்டீர்கள், எதிரில் இருந்தவர் என்ன செய்திருந்தால் சரிவந்திருக்கும்?" என்று கேளுங்கள். யாராவது அழுதால் அழவிடுங்கள். ஆனால் ஆறுதல் சொல்லும் வேலையை வழிநடத்துநர் மேல் போடாதீர்கள். பாட்டுக் கேட்க முடியாதது கவலையா, மருந்து செய்து பார்க்கவில்லையா என்ற கேள்விகளை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். அவருடைய தொழில், சைகையில் பகிடி எப்படிச் சொல்வது, பஸ்ஸில் இறங்குமிடத்தை எப்படி அறிகிறார் என்பவற்றைக் கேட்கலாம்.

பிறகு முதலில் எழுதிய அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, அதன் பின்புறத்தில் தங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ மாற்றக்கூடிய ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: தோளைத் தொட்டுக் கூப்பிடுவது, ஒரு நேரத்தில் ஒருவர் கதைப்பது, கவுண்டரில் இலக்கத்தை எழுதிக் காட்டுவது. கலைவதற்கு முன் வழிநடத்துநரிடம் 10 சைகைகளை முகபாவத்தோடு பழகுங்கள். முகம் மாறினால் கேள்வி சாதாரண வசனமாகிவிடும். மறுநாளும் யாருக்காவது காது அடைத்தபடி இருந்தால் காதுக்குறும்பி உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம். குச்சி விட்டுக் கிண்டாமல், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.