பழைய படத்தில் இருக்கும் விசித்திர ரயில் இஞ்சின் எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

19ஆம் நூற்றாண்டு நீராவி இஞ்சின் படம் ஒன்று கிடைத்து, என்ன ரகம் என்றே பிடிபடவில்லை என்றால், மங்கிப்போன பெயர்ப்பலகையோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் புகைபோக்கியை எண்ணுங்கள்.

முனைக்கு ஒன்றாக இரண்டு புகைபோக்கி, நடுவில் கேபின் என்றால் பெரும்பாலும் ஃபேர்லி இரட்டை இஞ்சின்தான். ராபர்ட் ஃபேர்லி 1864இல் காப்புரிமை வாங்கிய வடிவம். வேல்ஸில் ஃபெஸ்டினியாக் பாதையின் தண்டவாள இடைவெளி 60 செ.மீ. கூடக் கிடையாது, போதாக்குறைக்கு வளைவுக்கு மேல் வளைவு. நீளமான இஞ்சின் திரும்பாது, சின்ன இஞ்சின் இழுக்காது. அதனால் முதுகோடு முதுகாக இரண்டு கொதிகலன்களை வைத்து, கீழே தனித்தனியாகத் திரும்பும் இரண்டு போகிகளில் (பெட்டியல்ல, சக்கரங்கள் பூட்டிய சட்டம்) உட்கார்த்திவிட்டார். 1869இல் அங்கே ஓடிய 'லிட்டில் ஒண்டர்' இந்த ரகத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. படத்தைப் பெரிதாக்கி கேபினைப் பாருங்கள்: நடு இடத்தை அடுப்பே அடைத்துக்கொள்வதால் டிரைவர் ஒரு பக்கம், கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் மறுபக்கம் நிற்பார்கள். போகியோடு சிலிண்டரும் திரும்புவதால் நீராவிக் குழாயின் மூட்டு அசைந்துகொடுக்க வேண்டும், அது ஒழுகுவதுதான் இதன் தீராத தலைவலி.

புகைபோக்கி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கீழே தண்டவாளத்தைப் பாருங்கள். உயரமான சட்டத்தின் மேல் ஒற்றைத் தண்டவாளம், அதன் இருபுறமும் காவடி கட்டினாற்போல் தொங்கும் கொதிகலன்கள். அயர்லாந்தில் லிஸ்டோவலுக்கும் பாலிபனியனுக்கும் இடையே 1888 முதல் 1924 வரை ஓடிய லார்டீக் மோனோரயில் அது.

சரி, புகைபோக்கி ஒன்றுதானா? அப்போது சக்கரம். ஆளை விட உயரமான ஒரு ஜோடி சக்கரம் அடுப்புக்கும் பின்னால் இருந்தால் அது கிராம்ப்டன் ரக இஞ்சின். கொதிகலன் தாழ்வாக இருந்தால்தான் வேகத்தில் ஆட்டம் இருக்காது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், அதற்காகத்தான் பெரிய சக்கரத்தைக் கொதிகலனுக்கு அடியில் வைக்காமல் பின்னால் தள்ளிய இந்த ஏற்பாடு. பிரான்சில் ராஜ வாழ்வு வாழ்ந்தது. ஆனால் இழுப்பது ஒரே ஜோடி சக்கரம், கனமான வண்டியை மாட்டினால் வழுக்கும்.

கேபின் கொதிகலனின் நடுமுதுகில் ஏறி உட்கார்ந்திருந்தால் அமெரிக்கக் கேமல்பேக். ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரியின் கழிவை எரிக்க ஜான் வூட்டன் 1877இல் அகலமான அடுப்பு செய்தார். பின்னால் டிரைவருக்கு இடமில்லாமல் போனது. ஃபயர்மேன் பாவம், பின்னால் கிட்டத்தட்ட வெட்டவெளியில் தனியாக.

கடைசியாக, படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பதையும் கவனியுங்கள். மரம் வெட்டும் காடுகளில் ஓடிய ஷே இஞ்சினுக்குச் சிலிண்டர்கள் வலப்பக்கம் மட்டுமே, அதுவும் செங்குத்தாக. பாரத்தைச் சரிக்கட்டக் கொதிகலனை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். இடப்பக்கப் படத்தில் அந்தச் சிலிண்டர்களைத் தேடினால் கிடைக்காது.