கடை வாசலில் சரக்கு இறக்குமிடம்: மாநகராட்சி அனுமதி பெறும் முறை

‘கடைக்கு முன்னால் லாரி நிறுத்த அனுமதி வேண்டும்’ என்று பொதுப்படையாகக் கேட்பவருக்கு, மூன்று வெவ்வேறு அனுமதிகளில் ஏதாவது ஒன்றின் படிவம் கொடுக்கப்பட்டுவிடக்கூடும். சாலையோரத்தில் புதிதாக ஒரு சரக்கு இறக்குமிடத்தை ஏற்படுத்தித் தரும்படி கோருவது முதல் வகை. ஏற்கெனவே இருக்கும் இறக்குமிடத்தை ஒரு வாகனம் பயன்படுத்துவதற்கான அனுமதி இரண்டாவது. வீடு மாற்றுதல், கட்டுமானப் பணி போன்றவற்றுக்காகச் சில நாள்களுக்கு மட்டும் சாலையோரத்தை ஒதுக்கிக் கொடுப்பது மூன்றாவது. வாஷிங்டன் டி.சி. போன்ற நகரங்களில், இறக்குமிடம் கடை வாசலிலேயே இருந்தாலும், அங்கே நிற்கும் வணிக வாகனம் ஆண்டு அனுமதியோ நாள் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும், அல்லது கைபேசி வழியாகக் கட்டணம் செலுத்த வேண்டும். இக்கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் அந்த இடம் விண்ணப்பித்தவருக்குச் சொந்தமாகாது; அடுத்த கடைக்குச் சரக்கு கொண்டுவரும் வேனும் அதே உரிமையோடு அங்கே நிற்கலாம். தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துவைக்கும் எண்ணத்தோடு எழுதப்பட்ட விண்ணப்பம் அதன் சொற்களிலேயே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், இந்தத் தெருப்பகுதிக்கு வரும் சரக்கு வாகனங்களுக்கு நிற்க இடமில்லை என்பதையே கோரிக்கையின் மையமாக வைப்பது நல்லது.

அடுத்து, இடத்தை நேரில் பார்த்து அளக்க வேண்டும். பின்வாசல், சந்து, கட்டடத்துக்குள்ளேயே சரக்கு இறக்கும் தளம் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்பதையே அதிகாரிகள் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். இருந்தும் பயன்படவில்லையென்றால், லாரியின் உயரமோ திரும்பும் இடத்தின் குறுகலோ, காரணம் எதுவாயினும் அதை எழுத்தில் தர வேண்டும். பேருந்து நிறுத்தம், பாதசாரிகள் கடக்கும் இடம், சக்கர நாற்காலிக்கான சரிவு, தீயணைப்புக் குழாய் ஆகியவற்றின் அருகே இடம் கிடைக்காது. தீயணைப்புக் குழாயைப் பொறுத்தவரை, நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் பொது விதி 15 அடி, அதாவது ஏறத்தாழ நாலரை மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது.

நடைபாதை விளிம்பில் உள்ள குறிகளையும் படித்துப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் மஞ்சள் விளிம்பு ஏற்றியிறக்குவதற்கும், வெள்ளை பயணிகளுக்கும், பச்சை குறுகிய நேர நிறுத்தத்துக்கும் உரியது. சிவப்பில் நிற்கவே கூடாது. பிரிட்டனில் சாலை மீது நீளமாகச் செல்லும் மஞ்சள் கோடு வாகனம் காத்திருப்பதைத்தான் தடுக்கிறது. சரக்கு இறக்குவதைத் தடுப்பவை விளிம்பின் மேல் குறுக்காகத் தீட்டப்பட்ட சிறு மஞ்சள் கீற்றுகள். இரட்டைக் கீற்று எந்நேரமும் தடை என்பதையும், ஒற்றைக் கீற்று பலகையில் சொன்ன நேரத்தில் மட்டும் தடை என்பதையும் குறிக்கும். கீற்றுகளோ வேறு தடைப் பலகையோ இல்லாத இடத்தில் பொதுவாகச் சரக்கு இறக்கலாம் என்பதால், அங்கே கடை வைத்திருப்பவர்களில் சிலருக்கு விண்ணப்பமே தேவைப்படாமல் போகலாம்.

விண்ணப்பத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது, என் கருத்தில், படிவமல்ல. வாகன வரவுப் பதிவேடுதான். தொடர்ந்து இரண்டு வாரங்களுக்காவது, ஒவ்வொரு வாகனமும் வந்த நேரம், கிளம்பிய நேரம், அது வேனா லாரியா, தோராயமான நீளம், இறக்கிய சரக்கின் தன்மை, உண்மையில் எங்கே நிறுத்தப்பட்டது ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். கடைசி விவரத்துக்குத் தனி மதிப்பு உண்டு: வாகனங்கள் போக்குவரத்துத் தடத்திலோ சைக்கிள் பாதையிலோ நின்று சரக்கை இறக்குகின்றன என்று தேதியுடன் கூடிய படங்கள் காட்டினால், கோரிக்கை ஒரு கடைக்காரரின் வசதி என்ற நிலையிலிருந்து சாலைப் பாதுகாப்பு என்ற நிலைக்கு உயர்ந்துவிடும். சிறு கடைக்கு நாளொன்றுக்கு ஓரிரு வாகனங்களே வரும். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இடம் கேட்பது கடினம். பக்கத்து உணவகம், மருந்துக் கடை, மேல்மாடி அலுவலகங்களுக்கு வரும் கூரியர் வண்டிகள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கெடுத்து, எல்லோரும் கையெழுத்திட்ட கூட்டு விண்ணப்பமாகக் கொடுத்தால் அதன் எடையே வேறு. இல்லாத வாகனங்களைச் சேர்த்து எழுதுவதில் பயனில்லை. ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கக்கூடும்.

பதிவேடு தயாரானதும் நீளமும் நேரமும் தாமாகவே தெளிவாகும். பெரிய டெலிவரி வேனுக்கு ஆறு மீட்டருக்குச் சற்று மேலும், பெட்டி லாரிக்குப் பத்து மீட்டர் வரையும் நீளம் இருக்கலாம். பின்புறம் இறங்கும் தூக்குத்தளம் இருந்தால் அதற்கும் டிராலியைத் திருப்புவதற்கும் மேலும் இரண்டு மூன்று மீட்டர் தேவைப்படும். வாகனம் வளைந்து உள்ளே நுழைவதற்கான இடத்தை மறந்துவிட்டு, வண்டியின் நீளத்தை மட்டும் கேட்பது பரவலாக நடக்கும் தவறு. அப்படிக் கிடைத்த இடத்தில் லாரியின் வால் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். நேரத்தில் மாறாகச் சிக்கனம் காட்ட வேண்டும். சரக்கு காலையில்தான் வருகிறது என்று பதிவேடு சொல்லும்போது நாள் முழுவதும் கேட்டால், பார்க்கிங் இழக்கும் அண்டைவாசிகள் எதிர்ப்பார்கள். காலை நேரத்துக்கு மட்டும் கேட்டால் மாலையில் அதே இடம் அவர்களுக்குப் பயன்படும். ஒரு வாகனம் நிற்கக்கூடிய நேரத்துக்கும் வரம்பு இருக்கும். பார்சிலோனாவிலும் சியாட்டிலிலும் அது வழக்கமாக 30 நிமிடம்.

விண்ணப்பத்துடன் வணிக உரிமம், கட்டட உரிமையாளரின் சம்மதம், அளவுகள் குறித்த எளிய வரைபடம் ஆகியவற்றை இணைக்கும்படி பெரும்பாலும் கேட்கப்படும். பார்க்கிங் மீட்டர் உள்ள இடமானால், இழக்கும் வருவாயை ஈடுகட்டச் சில நகரங்கள் தனிக் கட்டணமும் விதிக்கின்றன. முடிவெடுப்பவர் யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். பல நகரங்களில் போக்குவரத்துத் துறையின் பொறியாளரே முடிவு செய்கிறார். சிகாகோவில் நகர மன்றமே தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருப்பதால், வட்டார மன்ற உறுப்பினரின் அலுவலகத்தில்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பொது விசாரணை நடக்குமானால், எதிர்ப்புத் தெரிவிக்கக்கூடியவர்களை அதற்கு முன்பே சந்தித்து வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுவது நல்லது.

ஒப்புதல் கிடைத்தாலும், மாநகராட்சி பலகை நட்டு விளிம்பில் வண்ணம் தீட்டும்வரை அந்த இடம் நடைமுறைக்கு வராது. தாமதமாகிறதே என்று தாமே வண்ணம் பூசுவதும், கூம்புகளை வைத்து இடத்தை மறிப்பதும் அபராதத்துக்கு உரிய செயல்கள். பலகை வந்த பிறகும் தனியார் கார்கள் அங்கே நிற்கத்தான் செய்யும். ஓட்டுநரோடு வாக்குவாதம் செய்வதைவிட, அமலாக்கப் பிரிவுக்குத் தகவல் கொடுத்து, அந்தப் புகார் எண்ணைப் பழைய பதிவேட்டிலேயே குறித்துக்கொள்ளலாம். அனுமதியைக் காலமுறையில் புதுப்பிக்க வேண்டிய ஊர்களிலும், கடை கைமாறி உரிமம் வேறு பெயருக்குப் போகும்போதும், இடம் இன்னும் தேவைதானா என்ற கேள்வி மறுபடி எழும் என்பதால், அந்தப் பதிவேட்டைத் தொடர்ந்து எழுதிவருவது நல்லது.