தொகுதி உறுப்பினர் ஒருவரின் அரசியல் வாழ்வை எழுதும் முறை

சிங்கப்பூரில் மாநிலமும் இல்லை, மாநிலச் சட்டமன்றமும் இல்லை. ஆகவே பிற நாடுகளில் உள்ளூர் அரசியல்வாதி என்று சொல்லப்படுபவருக்கு நிகராக இங்கே நாம் காட்டக்கூடியவர், அமைச்சர் பதவிக்குப் போகாமல், ஒரு தொகுதியைச் சில தேர்தல்களுக்குக் கவனித்துவிட்டு ஓய்ந்துபோன நாடாளுமன்ற உறுப்பினர்தான். சமூக மன்றத்தின் ஆண்டு மலருக்கோ கோயில் குடமுழுக்கு மலருக்கோ அத்தகைய ஒருவரைப் பற்றி ஏழெட்டுப் பக்கம் எழுதித் தரும்படி நம்மில் யாரையாவது கேட்டுவிடுகிறார்கள். வெளியுறவு அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்தினத்தைப் பற்றி எழுதுபவருக்கு நூல்கள் இருக்கின்றன. இவர்களைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் கையில் ஒரு பழைய புகைப்படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது தெரியவருகிறது. அந்த நிலையில் இருப்பவர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பிறந்த ஊரிலிருந்து தொடங்காதீர்கள். அதைக் குடும்பத்தார் எப்படியும் சொல்லிவிடுவார்கள். முதலில் தொகுதியைப் பிடியுங்கள். ஒரு தாளை எடுத்து 1955, 1959, 1963, 1968, 1972, 1976, 1980, 1984, 1988 எனப் பொதுத் தேர்தல் ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் நாயகரின் தொகுதி அப்போது இருந்ததா, யார் நின்றார்கள், எத்தனை வாக்குகள் விழுந்தன என்பதைத் தேர்தல் முடிவுகளைப் பார்த்து நிரப்புங்கள். 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் 25, 1959இல் அவை 51 ஆயின, 1968இல் 58, 1984இல் 79. எல்லைக்கோடுகள் இப்படித் திரும்பத் திரும்ப வரையப்பட்டிருப்பதால், ஒரே பெயருள்ள தொகுதி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே தெருக்களைக் கொண்டிருக்கும் என்று நம்பி எழுதினால், அவர் காலடி படாத கம்போங்குக்கெல்லாம் (கிராமங்களுக்கெல்லாம்) குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவராக அவரை ஆக்கிவிடுவோம்.

வாக்கு எண்ணிக்கையிலும் இரண்டு பொறிகள் உள்ளன. கட்டாய வாக்களிப்பு 1959இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே 1955இல் பெற்ற வாக்குகளையும் 1959இல் பெற்றவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘செல்வாக்கு பன்மடங்கு பெருகியது’ என்று எழுதுவது தவறு. அடுத்தது 1968. அந்தத் தேர்தலில் 58 இடங்களில் 51 போட்டியின்றியே முடிவாயின. அவ்வாண்டு முதன்முதலாக நாடாளுமன்றம் சென்ற பலருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. விழுவதற்கு வாக்குப்பெட்டியே வைக்கப்படவில்லை. ‘அமோக வெற்றி’ என்ற சொல்லை மலர் ஆசிரியர்கள் விரும்பிப் போடுவார்கள் என்பதால், இந்த இடத்தில் அவர்களோடு சற்று மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்து பெயர். என் முதல் முயற்சியில் நான் சறுக்கியது இங்கேதான். 1970களில் நாடாளுமன்றத்தில் இரண்டு கோவிந்தசாமிகள் இருந்தார்கள்: ராடின் மாஸ் தொகுதிக்கு என். கோவிந்தசாமி, ஆன்சன் தொகுதிக்கு பி. கோவிந்தசாமி. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவருக்குச் ‘சாமி’ என்றும் மற்றவருக்கு ‘சுவாமி’ என்றும் வரும். ஆனால் செய்தித்தாள்கள் அந்த வேறுபாட்டை எப்போதும் காப்பாற்றவில்லை. தலைப்பெழுத்தை விட்டுவிட்டுக் குறிப்பெடுத்த நான், ஒருவர் கேட்ட கேள்வியை இன்னொருவர் கணக்கில் எழுதிவைத்து, அச்சுக்குப் போவதற்கு முந்தைய வாரம்தான் அதைக் கண்டுபிடித்தேன். இதைவிடப் பெரிய குழப்பம் அகமது இப்ராகிம் என்ற பெயரில் இருக்கிறது. செம்பவாங்கில் 1955இல் சுயேச்சையாகவும் 1959இல் மக்கள் செயல் கட்சி சார்பிலும் வென்று, அமைச்சராகி, 1962இல் காலமானவர் ஒருவர். அவருடைய மறைவால் 51 பேர் அவையில் ஆளுங்கட்சி 25 பேராகக் குறைந்தது. அதே காலத்தில் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தவர் பெயரும் அகமது இப்ராகிம்தான். ஆகவே நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு குறிப்பிலும் பெயரோடு தலைப்பெழுத்து, தொகுதி, தேதி மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தக் குறிப்பைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

தொகுதியைக் கட்டுரையின் முதுகெலும்பாக வைத்துக்கொண்டால் வேறொரு பயனும் உண்டு: மலர்களில் மறைக்கப்படும் தோல்விகள் தாமாகவே வெளிவரும். என். கோவிந்தசாமி காலமானபின் 1977இல் ராடின் மாஸில் நடந்த இடைத்தேர்தலில் நின்று தோற்றவர் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜெ.பி. ஜெயரத்தினம். அதற்கு முன் 1972இல் ஃபேரர் பார்க்கிலும் 1976இல் கம்போங் சாய் சீயிலும் அவர் தோற்றிருந்தார். பின்னர் தெலுக் பிளாங்காவில் 1979இலும் 1980இலும் தோல்வி. ஐந்து தோல்விகளுக்குப் பிறகு, 1981 அக்டோபரில், பி. கோவிந்தசாமி முன்பு இருந்த அதே ஆன்சனில் 653 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1979 இடைத்தேர்தலில் அந்த இடத்தைப் பெற்றிருந்த ஆளுங்கட்சியின் சி.வி. தேவன் நாயர் நாட்டின் அதிபராகச் சென்றதால்தான் ஆன்சன் காலியாயிற்று. தேவன் நாயரோ 1955இல் ஃபேரர் பார்க்கில் தோற்றவர்; 1964இல் கோலாலம்பூரின் பங்சாரில் வென்று மலேசிய நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். அவரைப் பற்றிச் சிங்கப்பூர் ஆவணங்களை மட்டும் பார்த்து எழுதினால் நடுவில் பல ஆண்டுகள் ஓட்டையாக இருக்கும். 1986இல் ஜெயரத்தினம் பதவியிழந்தபின் ஆன்சனில் இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. 1988 தேர்தலுக்குள் அந்தப் பெயரே வரைபடத்திலிருந்து போய்விட்டது. ஒரு தொகுதியின் கதை இப்படி மூன்று பேருடைய வாழ்வைத் தொட்டுச் செல்வதைப் பார்த்தால், பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம் என்று நான் சொன்னதன் காரணம் விளங்கும்.

இனி அவைக் குறிப்புகள். 1955 முதலான நாடாளுமன்ற விவாதப் பதிவுகளை இணையத்திலேயே பெயர் வைத்துத் தேடலாம். நீண்ட உரைகளைப் பிறகு பாருங்கள். முதலில் அவர் அமைச்சர்களிடம் கேட்ட கேள்விகளைத் திரட்டிப் பொருள்வாரியாகப் பிரித்து வையுங்கள். வடிகால், பேருந்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை, தமிழ்ப் பள்ளி, குடியுரிமை எனப் பிரிக்கும்போது, அந்த மனிதர் எதைத் தம் வேலையாகக் கருதினார் என்பது எந்தப் புகழுரையையும்விடத் தெளிவாகத் தெரியும். அவையில் தமிழில் பேச அரசமைப்பு இடம் தருகிறது. ஆனால் பதிவின் ஆங்கில வடிவத்தில் நாம் படிப்பது அந்தத் தமிழ்ப் பேச்சின் மொழிபெயர்ப்பு. அதை மறுபடி தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டால், அவர் ஒருபோதும் சொல்லாத சொற்களை அவர் வாயில் திணிப்பதாகும். தமிழில் அவர் பேசியது கிடைக்காதபோது, ‘என்ற பொருளில் பேசினார்’ என்று எழுதுவதே முறை.

பிறகு, அவர் அவையில் பேசிய ஒவ்வொரு நாளுக்கும் அடுத்த நாளின் தமிழ் முரசைப் புரட்டுங்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய அந்த நாளிதழின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் உள்ளன. தேடுபெட்டியில் தமிழ்ப் பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள். பழைய அச்சையும், லை, னை போன்றவற்றின் முந்தைய வரிவடிவங்களையும் கணினி சரியாகப் படிக்காது. தேதியைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். முன்பு செய்த தேர்தல் ஆண்டுத் தாள் இங்கே கைகொடுக்கும்: வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் இடைப்பட்ட இதழ்களில் வேட்பாளரின் தொழில், வயது, பேசிய கூட்டங்கள் எல்லாம் கிடைக்கும். ஆண்டுகளை உறுதிசெய்ய இரங்கல் செய்திகளை நம்ப வேண்டாம்.

நேர்காணலுக்குக் கடைசியில்தான் செல்ல வேண்டும். குடும்பத்தாரைவிட, உறுப்பினர் தொகுதி மக்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த தொண்டர்களிடம் விவரம் அதிகம் இருக்கும். ‘ஐயா, அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ‘எந்த அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உட்காருவீர்கள், எந்தக் கிழமை, மேசை எத்தனை, தமிழ் தெரியாத எழுத்தர் இருந்தால் யார் மொழிபெயர்த்தது?’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள். மனு கொடுத்தவர்களின் பெயரை மட்டும் அவர்கள் சொன்னாலும் எழுதாதீர்கள்.

பதவி முடிந்ததைப் பற்றிப் பெரும்பாலும் ஆவணம் கிடைக்காது. மறுபடி ஏன் நிறுத்தப்படவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ‘அடுத்த தேர்தலில் அவர் நிறுத்தப்படவில்லை’ என்ற ஒரு வரியே போதும். கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர் பெயரைச் ‘சாமி’, ‘சுவாமி’ என வழக்கில் உள்ள எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் ஒருமுறை தந்துவிடுங்கள். பிற்காலத்தில் அவரைத் தேடுபவர் எந்த வடிவத்தைத் தட்டச்சு செய்வார் என்பது நமக்குத் தெரியாது.