பொருளியல் முனைவர் பட்டத்துக்குப் பின்: பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை தேடுவது எப்படி?

முதலில் காலக்கணக்கு. மத்திய வங்கிகள், ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) போன்றவை பெரும்பாலும் ஆசிரியர் பணிக்கான பருவத்தை ஒட்டியே ஆள் எடுக்கின்றன. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் 'ஜோ' (JOE) வேலைவாய்ப்புப் பட்டியலில் கல்விசாரா வேலைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. தனியார் வேலைகளோ ஆண்டு முழுக்க வரும், சட்டென்று நிரம்பியும் விடும். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத் தேடலாம் என்றிருந்தால் தாமதம்தான். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பலரும் சறுக்குவது பயோடேட்டாவில். எட்டுப் பக்கத்தை இரண்டாக்குங்கள். 'குறைந்தபட்சக் கூலி: ஒரு டிஃப்-இன்-டிஃப் அணுகுமுறை' என்ற தலைப்பு ஆள் எடுப்பவருக்கு ஒன்றும் சொல்லாது. '40 லட்சம் சம்பளப் பதிவுகளைச் சீர்செய்து, கூலி உயர்வால் வேலை குறைந்ததா என்று அளந்தேன்' என்றால் புரியும். மாநாட்டு உரைகளின் பட்டியலைத் தயங்காமல் வெட்டலாம்.

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் மட்டும் தெரிந்தால் போதாது. தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு தரவுத்தளங்களிலிருந்து தரவை எடுக்கும் எஸ்க்யூஎல், கூடவே பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழி வேண்டும். போட்டிச் சட்ட ஆலோசனை நிறுவனங்கள் கேட்பது வேறு: சந்தை எல்லையை வரையறுப்பது, நிறுவனங்களின் இணைப்பால் விலை ஏறுமா என்று கணிப்பது.

நேர்முகத்தில், "விலையை 5 சதவீதம் ஏற்றினால் விற்பனை என்னாகும்?" என்பார்கள். உடனே கருவி மாறிகளுக்கு (சோதனை நடத்தாமல், இருக்கும் தரவிலிருந்தே காரண-விளைவைக் கணிக்கும் புள்ளியியல் உத்தி) தாவாதீர்கள். சமவாய்ப்புச் சோதனை (குலுக்கல் முறையில் தேர்ந்த சிலருக்கு மட்டும் விலையை ஏற்றி ஒப்பிடுவது) நடத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள்.